இரவல் பேட்ஜைக் கழற்றிய வெலிபோர்

ஃபுடோக் கிராமத்தில் யாரும் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள். "யார் வீட்டு ஆளு?" என்றுதான் கேட்பார்கள். பதில் சரியாக இருந்தால் நாற்காலி வரும், பின்னாலேயே ரக்கியா என்கிற பழச் சாராயம் வரும். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு மனம் வைத்தால் பெயரைக் கேட்பார்கள். வெலிபோர் த்ரைலொவிச் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து, அவனுடைய மூத்த மகளே பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். இன்னும் அவனிடம் ஒருவரும் பெயர் கேட்டபாடில்லை. ஒப்ராத்தின் மாப்பிள்ளை என்றால் போதும், ஊருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அதிலும் அவன் வீட்டோடு மாப்பிள்ளை. கிழக்கே நெகோதின் பக்கத்திலிருந்து நோவி சாத் நகரத்துக்குப் படிக்க வந்தவன், கூடப் படித்த ஸ்மில்யாவைக் கட்டிக்கொண்டான். நகரத்தில் வீட்டு வாடகையைக் கேட்டுவிட்டு, அவள் அப்பன் வீட்டு மாடிக்குக் குடி வந்தான். ஒரு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் வந்தான். மாமனார் ஒப்ராத் முட்டைக்கோஸ் விவசாயி. அவர் பீப்பாயில் புளிக்க வைக்கும் கோஸ் போகாத ஓட்டல் நோவி சாதில் கிடையாது. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குச் சாட்சியாக நின்றவர் அவர். அப்படிப்பட்டவரின் நிழலில் ஒரு த்ரைலொவிச் எங்கே தெரியப் போகிறான்?

ஆஸ்பத்திரியில் போய் "த்ரைலொவிச்" என்பான். "உக்காருங்க, கூப்பிடுவோம்" என்று நர்ஸ் தலை நிமிராமல் சொல்லுவாள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு மெல்ல எழுந்து போய், "நான் ஒப்ராத்தோட மாப்பிள்ளை" என்பான்.

"அட, அத மொதல்லயே சொல்லக் கூடாதா! உள்ள வாங்க, உள்ள வாங்க."

அந்தப் பெயரில் உள்ளே போவதை அவன் அடியோடு வெறுத்தான். ஆனால் ஒருமுறைகூட அதைச் சொல்லாமல் வரிசையில் நின்றதில்லை. வெறுப்பு வேறு, வரிசை வேறு.

இப்படிப்பட்டவன் பிழைப்புக்குச் செய்த தொழில் என்ன தெரியுமா? கம்பைலர் கட்டுவது. கம்பைலர் என்பது, மனிதர்கள் எழுதும் புரோகிராமை சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் இன்னொரு புரோகிராம். நோவி சாதில் கோஸ்தா என்பவரின் சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. எடை மெஷினிலும் பம்ப்செட்டிலும் வைக்கிற மலிவான சிப்புக்கு அங்கே கம்பைலர் தயாரித்து விற்றார்கள். அதை முதல் வரியிலிருந்து எழுதியவன் வெலிபோர். அதற்குத் தன் ஊர் ஆற்றின் பெயரை வைத்தான்: தீமொக். மகள்களுக்குப் பெயர் வைத்தது மாமனார். இது ஒன்றாவது நம்முடையதாக இருக்கட்டும் என்று நினைத்தான்.

இங்கே தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக யாரும் எழுதுவதில்லை. எவனோ எப்போதோ எழுதி வைத்த பொதுக் கோப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கோப்புகளின் வாசலில் ஒரு விசாரணை உண்டு. வந்திருக்கும் கம்பைலர் எது என்று பார்க்கும். கம்பைலர் வாயைத் திறந்து சொல்வதில்லை. வேலை தொடங்கும் முன்பே, யாரும் எழுதித் தராமலே, சில பேட்ஜ்களைத் தானே சட்டையில் குத்திக்கொண்டு வரும். மேக்ரோ என்பார்கள் இதை. இந்த பேட்ஜ் இருந்தால் இந்த வழி, அது இருந்தால் அந்த வழி. எதுவுமே இல்லையென்றால் சில கோப்புகள் "தெரியாத கம்பைலர்" என்று கத்திக் கதவைச் சாத்தும். சில கோப்புகள் மூச்சே விடாமல் கொல்லைப்புற வழியாக உள்ளே விட்டுவிடும். கத்துகிறவன் நல்லவன். மூச்சு விடாதவனிடம்தான் ஆபத்து.

உலகத்துக்கெல்லாம் தெரிந்த பேட்ஜ், ஜிசிசி என்கிற பழைய கம்பைலருடையது. அதைத்தான் எல்லா வாசலும் முதலில் தேடும். அதனால் பின்னால் வந்த பெரிய பெரிய கம்பைலர்களே தங்கள் பேட்ஜுக்குப் பக்கத்தில் ஜிசிசி பேட்ஜையும் குத்திக்கொண்டுதான் உள்ளே போகின்றன. இதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று நம்மவர்கள் சொல்வதுதான்.

தீமொக்குக்கும் அதன் சொந்த பேட்ஜுக்குப் பக்கத்தில் அந்த இரவல் பேட்ஜைக் குத்திவிட்டவள் இல்திகோ. சுபோதித்சாவிலிருந்து வந்த ஹங்கேரியக்காரி. கம்பைலரைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை, வெலிபோரைச் சோதிப்பது பொழுதுபோக்கு. "பேட்ஜ் போடலன்னா எந்தக் கோப்பும் உள்ள விடாதுய்யா" என்று சொல்லி ஒரு வரி எழுதினாள், அன்றைக்கே எல்லாம் ஓடியது. வெலிபோர் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், சும்மா இருந்தான்.

பெல்கிரேடில் நடந்த கூட்டத்துக்குப் பிறகுதான் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. கம்பைலர்காரர்கள் கூடிய சின்ன அரங்கு. வெலிபோர் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறி, தீமொக் எப்படி அடிமுதல் தானே கட்டியது என்று பேசினான். கைதட்டல்கூடக் கிடைத்தது. அப்போது முன்வரிசையில் கழுத்தில் கம்பளி சுற்றிய ஒருத்தன் எழுந்து, "ஒரு நிமிஷம், இத ஓட்டிக் காட்டுங்களேன்" என்று ஒரு சின்னப் புரோகிராமை நீட்டினான். கம்பைலரின் பேட்ஜ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதன் பெயரைத் திரையில் எழுதுகிற புரோகிராம் அது. எல்லாரையும்போல அதுவும் ஜிசிசியைத்தான் முதலில் கேட்டது. பெரிய திரையில் பெரிய எழுத்தில் வந்தது: ஜிசிசி, அதுவும் தாத்தா காலத்துப் பதிப்பு.

"ஓஹோ, பழைய வண்டிக்குப் புது பெயிண்டா?" என்றான் கம்பளிக்காரன். அரங்கமே சிரித்தது. ஐயோ, அது வேற விஷயம், அது வெறும் பேட்ஜ் என்று வெலிபோர் மைக்கில் விளக்கினான். விளக்க விளக்கச் சிரிப்பு கூடியது. காபி இடைவேளையில் யாரோ, "கோஸ்தா கம்பெனி ஆளுதான?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அங்கேயும் யாரும் பெயர் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் இல்திகோவின் வரியை அழிக்கப் போனான்.

"என்னய்யா பண்ற?"

"இரவல் பேட்ஜைக் கழட்டறேன். தீமொக்னா தீமொக். அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"உலகத்துக்குத் தெரியணுமே அந்தப் பேரு?"

"தெரிஞ்சுக்கட்டும்."

"நீ ஆஸ்பத்திரில என்ன பேரு சொல்லி உள்ள போற?"

வெலிபோரின் காது சிவந்தது. "அது வேற" என்றான்.

"சரி, கழட்டு. ஆனா கோஸ்தாகிட்ட சொல்லிட்டுக் கழட்டு" என்றாள் அவள்.

சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, வீம்பு என்று பெயர். அடுத்தவன் சகுனத்தைக் கெடுக்கத் தன் மூக்கை அறுத்துக்கொள்வது மட்டுமில்லை, அறுத்த மூக்கோடு கண்ணாடி முன்னால் நின்று ரசிப்பதும் அதில் சேர்த்தி. வெலிபோர் அந்த வரியை அழித்தான். அடுத்த பதிப்போடு போகும் குறிப்பில் "சில்லறைத் திருத்தங்கள்" என்று போட்டான். அன்று சாயங்காலம் மாமனாருடன் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் ரக்கியா சந்தோஷமாகக் குடித்தான். காரணம் தெரியாமல் ஒப்ராத்தும் கூடக் குடித்தார்.

முதல் வாரம் கத்துகிற கோப்புகள் கத்தின. தெரியாத கம்பைலர், தெரியாத கம்பைலர் என்று வாடிக்கையாளர்களிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. வெலிபோருக்கு அலுப்பே இல்லை. ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து, "தீமொக்னு ஒரு வரி சேத்துக்குங்க, தீ, மொக்" என்று எழுத்துக்கூட்டிச் சொன்னான். பொதுக் கோப்புகளைப் பராமரிக்கும் ஆட்களுக்கும் எழுதினான்: தீமொக் என்றொரு கம்பைலர் இருக்கிறது, உங்கள் வாசலில் அதன் பெயரையும் சேருங்கள். ஒரே ஒருவர் பதில் போட்டார்: "எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?" வெலிபோர் நெடுநேரம் யோசித்து, "பொறுப்பானவர்கள் பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதினான். அதற்குப் பிறகு அங்கிருந்து சத்தமில்லை.

அந்த நேரத்தில்தான் மக்காச்சோள அறுப்பு வந்தது.

ஃபுடோக்குக்கு வெளியே கூட்டுறவுச் சங்கத்தின் உலர்த்திக் கோபுரம் இருக்கிறது. ஈரச் சோளத்தை மேலே கொட்டினால் கீழே காய்ந்து வரும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து கொடுத்தவர் கிளிகோர் என்கிற எலக்ட்ரிக்காரர், கோஸ்தாவின் பழைய வாடிக்கையாளர். தீமொக்கின் புதுப் பதிப்பு வந்ததும் தன் புரோகிராமை அதில் ஓட்டினார். ஒரு பிழையும் வரவில்லை, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஆஹா என்று பெட்டியில் ஏற்றிவிட்டார். அவர் சேர்த்திருந்த பொதுக் கோப்பு, மூச்சு விடாத ரகம்.

அந்தக் கோப்பின் வேலை இதுதான். உலர்த்தியின் உள்ளிருந்து வெப்பம், ஈரம் என்று எண்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி வரும். கம்பைலர் ஜிசிசி பேட்ஜோடு வந்தால், "நீயும் இடைவெளி விடாமல் நெருக்கிப் படி" என்று கோப்பு சொல்லும். பேட்ஜ் இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது. யாரும் சொல்லாததால் தீமொக் தன் வழக்கப்படி நடுவே ஒரு இடம் விட்டுப் படித்தது. வெப்பத்தின் பாதியும் ஈரத்தின் பாதியும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாக வந்தது, அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே. உள்ளே சோளம் வெந்துகொண்டிருக்க, பெட்டியோ ஐயோ பாவம் குளிரில் நடுங்குகிறதே என்று நெருப்பைக் கூட்டியது. சூடு மிஞ்சினால் அணைக்க ஒரு பழைய பாதுகாப்பு சுவிட்ச் இருந்தது. அது அடிக்கடி அணைத்துத் தொல்லை கொடுக்கிறது என்று சங்கத்து ஆட்களே போன வருஷம் அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். நாமெல்லாம் அப்படித்தானே.

வாசனை ஊருக்குள் வந்த பிறகுதான் ஆள் ஓடி நெருப்பை நிறுத்தினான். கோபுரம் தப்பியது, ஆளுக்கும் ஒன்றுமில்லை. சோளம் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் வந்து விழுந்தது. அதில் பாதிக்கு மேல் ஒப்ராத்தின் சோளம்.

கிளிகோர் ஒரு வாளி கருகிய சோளத்தோடு கோஸ்தாவின் ஆபீசுக்கு வந்து, மேஜை மேல் வைத்தார். கோஸ்தா வாளியைப் பார்த்தார். வெலிபோர் சுவரைப் பார்த்தான். இல்திகோ கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து, தேடி, "இங்க" என்று விரலை வைத்தாள். அவள் குரலில் நக்கல் இல்லை. நக்கல் இருந்திருந்தால் வெலிபோருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பேட்ஜ் எங்கய்யா போச்சு?" என்றார் கோஸ்தா.

"நான்தான் எடுத்தேன், முதலாளி. நம்ம கம்பைலர் நம்ம பேருல போகட்டும்னு."

"எங்கிட்ட சொன்னியா?"

"குறிப்புல போட்டிருந்தேன்."

"சில்லறைத் திருத்தம்னு போட்டிருந்த. இதா சில்லறை?" கோஸ்தா வாளியை அவன் பக்கம் தள்ளினார்.

கிளிகோர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு சோளத்தை உருட்டியபடி, "எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு, தம்பி" என்றார். "உன் மெஷினுக்கு மரியாத கெடைக்கலன்னு ஊரு சோளத்தக் கொளுத்தின. அதான?"

அந்தக் கோப்பை எழுதியவன்தான் ஒழுங்காக எழுதவில்லை, தெரியாதவன் வந்தால் கத்தியிருக்க வேண்டும், பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றியது யார் என்று வெலிபோர் ஆரம்பித்தான். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றதாக மட்டும்தான் அந்த அறையில் எல்லார் காதிலும் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் சேதி ஃபுடோக் முழுக்கப் பரவியது. சங்கத்து முற்றத்தில் கூட்டம். வெலிபோர் பேருந்திலிருந்து இறங்கியவன், வேறு வழியில்லாமல் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கருகிய சோளக் குவியலின் பக்கத்தில் ஒப்ராத் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒப்ராத், ஒங்க மாப்பிள்ளை பண்ண வேலையாமே இது?" என்றான் ஒருத்தன்.

ஒப்ராத் திரும்பிப் பார்த்தார். வெலிபோர் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. "எந்த மாப்பிள்ளை?" என்றார், முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "வெலிபோர் த்ரைலொவிச்சச் சொல்றியா? அவன் நெகோதின்காரன். எங்க வீட்டு மாடில குடியிருக்கான்."

அதுவரை அந்தப் பெயரைக் கேட்டிராத ஊர், அன்றே அதை மனப்பாடம் செய்தது. வெலிபோர் த்ரைலொவிச் கொளுத்தின சோளம், வெலிபோர் த்ரைலொவிச் மெஷின், வெலிபோர் த்ரைலொவிச்சைக் கேள். ரொட்டிக்கடைக்காரி அவன் தந்தை பெயர் வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாள். இத்தனை வருஷம் ஏங்கிய பெயர் இப்படி வந்து மடியில் விழுந்தபோது அவனுக்கு வலித்தது, ரொம்பவே வலித்தது. மாடியேறி விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டான்.

ஸ்மில்யா கீழிருந்து கோஸ் இலையில் சுற்றிய கறியைத் தட்டில் கொண்டு வந்து வைத்தாள்.

"அப்பா ஒன் முழுப் பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றாள்.

"குத்திக் காட்டறியா?"

"இல்ல, சொல்றேன். சாப்புடு. நெகோதின்காரனுக்கும் பசிக்கும்ல." அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை, ஆனால் தட்டைக் காலி செய்தான்.

மறுநாள் கோஸ்தா போட்ட உத்தரவு ஒரு வரிதான்: பேட்ஜைத் திரும்பக் குத்து. இல்திகோ, "நான் போட்டுடறேன், நீ காப்பி குடிச்சிட்டு வா" என்றாள். அவளுக்கே பாவமாக இருந்தது. "வேணாம், நான் கழட்டினத நானே மாட்டறேன்" என்று அவனே உட்கார்ந்து அடித்தான். நாலு வார்த்தை வரி. ஜிசிசி என்று அடிக்கும்போது, அந்தக் கம்பளிக்காரனின் சிரிப்பு காதில் கேட்டது. சோளத்துக்கான நஷ்டத்தைக் கோஸ்தா ஏற்றுக்கொண்டார். அந்த வருஷம் கம்பெனியில் யாருக்கும் புத்தாண்டுக்கு வழக்கமாகத் தரும் பன்றித் தொடை கிடைக்கவில்லை, அதற்கும் எல்லாரும் வெலிபோரைத்தான் பார்த்தார்கள். வாடிக்கையாளர்களுக்குப் போன குறிப்பில் இந்த முறை இல்திகோ விளக்கமாக எழுதினாள். கொஞ்சம் அதிகமாகவே விளக்கமாக.

கிளிகோர் சும்மா இருக்கவில்லை. அந்த மூச்சு விடாத கோப்பைப் பராமரிக்கும் ஆளுக்கு நடந்ததையெல்லாம், வாளியின் படத்தோடு அனுப்பி வைத்தார். அந்த ஆள் முன்பு "எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்டவரேதான்.

கோஸ் பீப்பாய்களைத் திறக்கும் பருவத்தில் அந்தக் கோப்பின் புதுப் பதிப்பு வந்தது. வழக்கமாக இதையெல்லாம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. வெலிபோர் மட்டும் வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "இல்திகோ, இங்க வா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டான்.

வாசல் விசாரணை மாறியிருந்தது. முதல் கேள்வியே தீமொக்கின் பேட்ஜ் இருக்கிறதா என்பதுதான். ஜிசிசி இரண்டாவது இடத்துக்குப் போயிருந்தது. தீமொக் என்றால் செய்ய வேண்டியதும் அதன் கீழேயே இருந்தது: ஒவ்வொரு எண்ணாகப் பிரித்து, ஆமை வேகத்தில் படிக்கும் தனி வழி. பக்கத்தில் பராமரிப்பாளர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். "இந்தக் கம்பைலர் சில பதிப்புகளில் தன்னை ஜிசிசி என்று சொல்லிக்கொள்ளும், சில பதிப்புகளில் சொல்லாது. எதுவாக இருந்தாலும் இதை நம்ப வேண்டாம்."

இல்திகோ இரண்டு முறை படித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"குறிப்பப் படிச்சியா?"

"படிச்சேன்."

"நம்ப வேண்டாம்னு போட்டிருக்கான்யா."

"எனக்கும் படிக்கத் தெரியும்" என்றான் வெலிபோர். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "இந்தக் கோப்பை எத்தனை தேசத்துல எடுத்து வெச்சிருக்காங்க தெரியுமா? அத்தனை பேரும் இனிமே நம்ம தீமொக்கப் பேரு சொல்லிக் கேப்பாங்க."